'ம்' என்றால் ஆமாவா?

கோத்தகிரியைச் சுற்றியுள்ள இருளர், குறும்பர் ஊர்களில் தாய்சேய் நலத் திட்டம் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். திட்டத்தால் பலன் இருந்ததா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வருபவர்கள் எங்கள் களப்பணியாளர்கள். அந்த வேலைக்கு அவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு போன வருடம் என்னிடம் வந்தது.

முன்பெல்லாம் இதற்கு ஒரு மீட்டிங் போடுவோம். மூத்தவர் ஒருவர் எக்செல் என்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள், கோவையில் இரண்டு நாள் பயிற்சி நடக்கும். திரும்பி வந்தால் படிவங்கள் பழையபடிதான் இருக்கும். அதனால் இந்தத் தடவை டெல்ஃபி முறையில் இறங்கினேன். 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஓலாஃப் ஹெல்மர், நார்மன் டால்கி போன்றோர் ராணுவக் கணிப்புகளுக்காக உருவாக்கிய முறை அது. விஷயம் தெரிந்தவர்களிடம் தனித்தனியாக எழுதி வாங்கி, பெயரை மறைத்துத் தொகுத்து, மறுபடி அவர்களுக்கே அனுப்ப வேண்டும். மற்றவர்கள் சொன்ன காரணத்தைப் படித்தபின் கருத்தை மாற்றிக்கொள்ளலாம், மாற்றாமலும் இருக்கலாம்.

14 பேரைச் சேர்த்தேன். அதில் ஆறு பேர் களப்பணியாளர்கள். "அவங்க எப்படி நிபுணர்?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கரிக்கையூர்ப் பக்கம் பத்து வருடமாக ஏறி இறங்குகிறவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடும்?

முதல் சுற்று சரியாக வரவில்லை. 'மதிப்பீட்டில் உங்களுக்கு என்ன பயிற்சி தேவை?' என்று கேட்டிருந்தேன். மதிப்பீடு என்றதும் தங்களைத்தான் எடை போடுகிறோம், சம்பள உயர்வு இதை வைத்துத்தான் என்று நினைத்துவிட்டார்கள். எல்லாம் தெரியும் என்று எழுதிக் கொடுத்தார்கள். தப்பு என் கேள்வியில்தான். மாற்றிக் கேட்டேன்: 'போன மாதம் படிவம் நிரப்பும்போது எங்கே பேனா நின்றது?'

சிக்னல் இல்லாத ஊர்களுக்குத் தாள்களைக் கவரில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்ததில் ஒன்று மழையில் நனைந்து ஓரம் ஊறியிருந்தது. அதன் பின்பக்கம் நீல மையில் ஒரே வரி: 'நாம் கேட்டதற்கு அந்த அம்மா ம் என்றால், ஆம் என்று டிக் போடலாமா?'

ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ம்' என்றால் ஆமாம் என்றும் அர்த்தம், கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லு என்றும் அர்த்தம். எத்தனை வருட அறிக்கைகளில் எத்தனை 'ம்' ஆமாவாக ஏறியிருக்கும்!

கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் நானே டைப் செய்தேன். 22 தேவைகள் தேறின. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். நான்கில் மூன்று பங்குப் பேர் 4 அல்லது 5 போட்டால்தான் ஒத்த கருத்து என்று முதலிலேயே அறிவித்துவிட்டேன். எண்களைப் பார்த்தபின் எல்லை வகுத்தால் அது நம் விருப்பமாகிவிடும்.

இரண்டாம் சுற்றில், படிவத்துக்குள் அடங்காத பதிலை எழுதும் பயிற்சிக்குச் சராசரி மதிப்பெண் மூன்றை ஒட்டி வந்தது. களத்தில் இருப்பவர்கள் 5 போட்டிருந்தார்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் 2. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அதைத் தள்ளியிருப்பேன். மூன்றாம் சுற்றுத் தாளில் மதிப்பெண்களோடு அந்த 'ம்' வரியையும் காரணமாகச் சேர்த்தேன். பெயர் இல்லை, பதவி இல்லை, வரி மட்டும். இடையில் ஒருவர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். மீதி 13 பேரில் 11 பேர் 4 அல்லது 5 போட்டார்கள். எக்செல் பயிற்சி பற்றிய கருத்து கடைசி வரை இரண்டாகப் பிரிந்தே நின்றது. 'ஒத்த கருத்து இல்லை' என்றே அறிக்கையில் எழுதினேன். அதையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்கத் தோன்றவில்லை.

மழை, மண்சரிவு எல்லாம் சேர்ந்து ஒன்பது வாரம் ஆனது.

பயிற்சியின் முதல் மணி நேரத்தை ஒரு களப்பணியாளர் அக்காதான் நடத்தினார். இன்னொருவரைத் தாயாக உட்கார வைத்து இருளர் பேச்சில் ஒரு கேள்வி கேட்டார். "ம்" என்று பதில் வந்தது. நாங்கள் எல்லோரும் அவரவர் தாளில் ஆம் அல்லது இல்லை என்று டிக் போட வேண்டும். தாள்களை வாங்கி மேசையில் பரப்பினார். பாதித் தாள்களில் 'ஆம்', மூன்று தாள்களில் 'இல்லை', மற்றதெல்லாம் காலி.

"சரி, இப்ப அவங்களையே கேப்போம்" என்று அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.