ஆறு பேர் கேஷ் டேபிளுக்கு பிரீஃப்ளாப் சார்ட் பழகுவது: செய்து பார்த்ததில் பிடிபட்டவை

எடுத்துக்கொண்ட ஆட்டம் போக்கரில் நோ லிமிட் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு, பிறகு நடுவில் பொதுச் சீட்டுகள். அதில் முதல் மூன்று விழுவது ஃப்ளாப், அதற்கு முந்தைய பந்தயச் சுற்று பிரீஃப்ளாப். ஆறு பேர் டேபிள், ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் (பிக் பிளைண்ட் என்பது ஒருவர் போடும் கட்டாயப் பந்தயம், ஸ்மால் பிளைண்ட் அதில் பாதி), ஆன்ட்டி (பந்தயத்துக்கு முன் கூடுதலாகப் போடும் சிறு தொகை) கிடையாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு: எந்த ஹேண்டை (கைக்கு வரும் இரண்டு சீட்டை) எந்த இருக்கையில் ஆடுவது என்று சொல்லும் சார்ட், இந்த நிபந்தனைகளுக்கு மட்டுமான விடை. டோர்னமெண்ட் சார்ட்டில் ஆன்ட்டியைக் கணக்கில் வைத்துத்தான் ரேஞ்சை (ஆடும் ஹேண்டுகளின் தொகுப்பை) அகலமாக்கியிருப்பார்கள். அதை அப்படியே கேஷில் ஆடினால், அந்தக் கூடுதல் பணமே இல்லாத பாட்டுக்காக (நடுவில் சேரும் பந்தயப் பணத்துக்காக) சுமாரான ஹேண்டையெல்லாம் ரெய்ஸ் செய்துகொண்டிருப்போம், அதாவது பந்தயத்தை ஏற்றிக்கொண்டிருப்போம்.

சார்ட்டில் 13-க்கு 13, ஆக 169 கட்டங்கள். மூலைவிட்டத்தில் ஜோடிகள், அதற்கு மேல் வலப்பக்கம் சூட்டட் (இரண்டும் ஒரே சின்னம்), கீழே இடப்பக்கம் ஆஃப்சூட் (வேறு வேறு சின்னம்). எல்லாக் கட்டமும் ஒரே அளவில் வரைந்திருப்பதுதான் கண்ணை ஏமாற்றுகிறது. ஒரு ஜோடி 6 விதமாக வரும், சூட்டட் 4 விதமாக, ஆஃப்சூட் 12 விதமாக, மொத்தம் 1,326. "ஒரே ஒரு கட்டம்தானே" என்று ஒரு ஆஃப்சூட் ஹேண்டைச் சேர்த்தால் மூன்று சூட்டட் கட்டங்களைச் சேர்த்த கணக்கு. புதிதாக ஆடுபவர்களின் ரேஞ்ச் ஊதிப்போவது பெரும்பாலும் இந்தக் கீழ் இடப்பக்கத்தில்தான்.

169 கட்டத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, செய்தாலும் நிற்காது. ஒவ்வொரு வரிசையிலும் கடைசியாக ரெய்ஸ் ஆகும் ஹேண்ட் எது என்ற எல்லையை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். பிரீஃப்ளாப்பில் முதலில் பேசும் இருக்கை யூடிஜி, பிறகு ஹைஜாக், கட்ஆஃப், பட்டன், கடைசியில் ஸ்மால், பிக் பிளைண்டுகள். ஆஃப்சூட் ஏஸ் வரிசையில் யூடிஜிக்கு ஏஸ்-ஜாக், ஹைஜாக்குக்கு ஏஸ்-10, கட்ஆஃபுக்கு ஏஸ்-9, பட்டனுக்கு ஏஸ்-4. ஆஃப்சூட் கிங்கில் அதே வரிசையில் கிங்-குயின், கிங்-ஜாக், கிங்-10, கிங்-8. சார்ட்டுக்குச் சார்ட் ஓரிரு கட்டம் முன்னே பின்னே இருக்கும். அதற்காக நான்கு சார்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருப்பது வீண். ஒன்றைப் பிடித்து அதிலேயே நில்லுங்கள்.

தொடங்குவதற்கு யூடிஜியில் இது போதும்: 5 ஜோடியிலிருந்து மேலே, எல்லா சூட்டட் ஏஸும், சூட்டடில் கிங்-10, குயின்-10 முதல் மேலே, ஜாக்-10, 10-9, ஆஃப்சூட்டில் ஏஸ்-ஜாக் முதல் மேலே, கிங்-குயின். எண்ணிப் பார்த்தால் 184 விதம், சுமார் 14 சதவீதம். பட்டனில் இதுவே 40-ஐத் தாண்டும், ஏனென்றால் பின்னால் பேச இரண்டே பேர், ஃப்ளாப்புக்குப் பிறகும் நாம்தான் கடைசி.

யூடிஜியில் ஏஸ்-5 சூட்டட் ரெய்ஸ், ஏஸ்-9 ஆஃப்சூட் ஃபோல்ட் (சீட்டை விட்டுவிடுவது) என்பதைப் பலராலும் ஏற்க முடிவதில்லை. 9 பெரியதுதானே! ஆனால் யூடிஜி ரெய்ஸை எதிர்த்து வருபவரிடம் இருக்கும் ஏஸ் பெரும்பாலும் ஏஸ்-10-க்கு மேல். ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்தால் சின்ன பாட்டை ஜெயிப்போம், பெரிய பாட்டைக் கிக்கரில் (ஏஸோடு இருக்கும் மற்றச் சீட்டில்) தோற்போம். ஏஸ்-5 சூட்டடுக்கு 2-3-4 வந்தால் ஸ்ட்ரெய்ட் (தொடர்ச்சியான ஐந்து சீட்டு) உண்டு, ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) அடித்தால் பெரும்பாலும் அதுதான் நட்ஸ் (வெல்ல முடியாத ஹேண்ட்), சுமார் 11 சதவீத ஃப்ளாப்பில் ஃப்ளஷ் டிரா (ஃப்ளஷுக்கு இன்னும் ஒரு சீட்டு தேவை) கிடைக்கும். கையில் ஒரு ஏஸ் இருப்பதால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி வரும் விதம் 6-லிருந்து 3 ஆகவும், ஏஸ்-கிங் 16-லிருந்து 12 ஆகவும் குறைகிறது. த்ரீபெட் (முதல் ரெய்ஸின் மேல் இன்னொரு ரெய்ஸ்) பிளஃபுக்கு இந்த ஹேண்டைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான். எல்லையில் நிற்கும் ஹேண்டுக்கு இப்படிக் காரணம் தெரிந்துவிட்டால் கட்டம் தானாக மனதில் நிற்கும்.

பழகும் முறை: சீட்டுக்கட்டைக் கலைத்து இரண்டிரண்டாக எடுப்பதில் பலன் குறைவு. பாதி நேரம் 7-2 போன்ற குப்பைதான் வரும், அதற்குப் பயிற்சி எதற்கு? எல்லையிலும் எல்லைக்கு ஒரு கட்டம் கீழேயும் இருக்கும் ஹேண்டுகளை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி, சீட் (இருக்கை) பெயரோடு சேர்த்துக் கலைத்து, மூன்று விநாடிக்குள் பதில் சொல்லிப் பாருங்கள். அடுத்து, கட்டம் போட்ட தாளில் வெறும் 13-க்கு 13 வரைந்து நினைவிலிருந்து நிரப்பி, தவறியதைச் சிவப்பில் குறியுங்கள். சிவப்பு பெரும்பாலும் கட்ஆஃப் தாளில்தான் கூடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சீட் என்பதால் யூடிஜியோடும் பட்டனோடும் குழம்பும்.

அடுத்தது பிக் பிளைண்ட். இங்கே சார்ட்டைவிடக் கணக்கு முக்கியம். பட்டன் 2.5 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ், ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட். பாட்டில் 4 இருக்கிறது, நாம் போட வேண்டியது 1.5. 1.5-ஐ 5.5-ஆல் வகுத்தால் 27.3 சதவீத ஈக்விட்டி (பாட்டில் நம் வெற்றி வாய்ப்பின் பங்கு) வேண்டும். ஆட்டம் நடத்தும் அறை 5 சதவீதம் ரேக் (கமிஷன்) எடுத்தால் கிடைப்பது 5.225, தேவை 28.7 ஆகிறது. இந்த ஒன்றரை சதவீதமே ஓரத்து ஹேண்டுகள் பலவற்றை ஃபோல்டுக்குத் தள்ளிவிடும், ஏனென்றால் ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் பேசும் நம்மால் ஈக்விட்டி முழுவதையும் காசாக்க முடியாது. ரேக் குறைந்த பெரிய ஸ்டேக்குக்குப் (பந்தய அளவுக்குப்) போட்ட சார்ட் சின்ன ஸ்டேக்கில் கைகடிப்பது இதனால்தான். லைவ் டேபிளில் 5 பிக் பிளைண்டுக்குத் திறந்தாலோ (முதல் ரெய்ஸ் செய்தாலோ), 4 போட்டு 10.5-க்கு ஆட வேண்டும், 38 சதவீதம். 2.5-க்கான கால் (ஏற்றாமல் அதே தொகையைப் போடுவது) சார்ட்டை அங்கே எடுக்கவே கூடாது.

ஸ்மால் பிளைண்டில் ரெய்ஸுக்கு எதிரே த்ரீபெட் அல்லது ஃபோல்ட் என்று வைத்துக்கொள்வதே எளிது. கால் செய்தால் பிக் பிளைண்ட் மேலே ஏற்றலாம், பொசிஷனும் (எதிராளிக்குப் பிறகு பேசும் வசதியும்) இல்லை, ரேக்கும் போகும்.

முன்னால் யாராவது லிம்ப் செய்துவிட்டால் (ரெய்ஸ் செய்யாமல் பிக் பிளைண்ட் அளவை மட்டும் போட்டுவிட்டால்) திறக்கும் சார்ட் செல்லாது. அது எல்லோரும் ஃபோல்ட் செய்து நம்மிடம் வந்த நிலைக்கு உரியது. லிம்பர் எளிதில் ஃபோல்ட் ஆக மாட்டார். எனவே டாப் பேர் (பொதுச் சீட்டில் பெரியதோடு ஜோடி) அடிக்கும் பெரிய சீட்டுகளை வைத்து, ஒரு லிம்பருக்கு 4, கூடுதல் லிம்பருக்கு ஒவ்வொன்று என்று ஏற்றுங்கள். ஸ்ட்ராடில் (சீட்டு வருமுன் பிக் பிளைண்டைப் போல் இரு மடங்கு போடுவது) போட்டால் 100 பிக் பிளைண்ட் ஸ்டாக் (கையிருப்பு) நடைமுறையில் 50 ஆகிவிடுகிறது. சின்ன ஜோடிகளை முதலில் கழற்றுங்கள். ஃப்ளாப்பில் செட் (ஜோடியோடு அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) அடிப்பது எட்டரைக்கு ஒரு முறைதான், அடிக்கும்போது வாங்க எதிராளியிடம் ஸ்டாக் ஆழமாக இருக்க வேண்டும். ஒன்பது பேர் டேபிளுக்குத் தனிச் சார்ட் தேடி அலைய வேண்டாம்: முதல் மூன்று பேர் ஃபோல்ட் ஆனால் அடுத்தவர் ஆறு பேர் டேபிளின் யூடிஜிதான்.

சால்வர் (சிறந்த ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) சார்ட்டில் ஒரே கட்டத்தில் 40 சதவீதம் ரெய்ஸ், 60 ஃபோல்ட் என்று இரண்டு நிறம் இருக்கும். இரண்டுக்கும் மதிப்பு ஏறக்குறைய சமம் என்பதால்தான் அது கலந்து ஆடுகிறது. பாதிக்கு மேல் இருப்பதை முழுதாக எடுத்துக்கொண்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

சரிபார்க்க போக்கர் டிராக்கர், ஹோல்டெம் மேனேஜர் போன்ற ஆட்டப் பதிவு மென்பொருளில் யாரும் திறக்காத பாட்டுகளை மட்டும் வடிகட்டி, சீட் வாரியாக 169 கட்டத்தைத் திறந்து சார்ட்டோடு வைத்துப் பாருங்கள். விபிஐபி (நாமாகப் பணம் போட்டு ஆடும் ஹேண்டுகளின் சதவீதம்) 22 முதல் 26, பிஎஃப்ஆர் (பிரீஃப்ளாப்பில் ரெய்ஸ் செய்யும் சதவீதம்) அதைவிட 4, 5 குறைவு என்றால் சரி. இடைவெளி 10 என்றால் கால் அதிகம். ஸ்மால் பிளைண்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆடும்போது சார்ட்டைப் பார்க்கலாமா என்பது அறைக்கு அறை மாறும், விதியைப் படித்துவிடுங்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. பயிற்சி எல்லாம் பணமில்லாத சிப்பில்தான். அங்கே எல்லோரும் எதையும் கால் செய்வார்கள். நம் திறப்பு சரியா என்று மட்டும் பாருங்கள், பிளஃபை அங்கே எடைபோட முடியாது.

இனி எடுக்க வேண்டியது த்ரீபெட் வாங்கும்போது ஆடும் தாள். யூடிஜியில் ஆசையாகத் திறந்த ஏஸ்-ஜாக் ஆஃப்சூட் அங்கே ஃபோல்ட். பட்டனில் 2.5-க்குத் திறந்து ஸ்மால் பிளைண்ட் 11-க்கு ஏற்றினால், 8.5 போட்டு 23-க்கு ஆட 37 சதவீதம் வேண்டும், ஆனால் பொசிஷன் நம்மிடம். அடிக்கடி வரும் நிலை இது, ஆகவே இந்தத் தாளிலிருந்து தொடங்கலாம். யூடிஜிக்கு எதிரான தாள்கள் கடைசியில்.