கப்பி வால் போன கதை

கப்பி என்ற சின்ன வண்ணமீன்கள் வளர்க்கும் என் தொட்டியில் நத்தை பெருகிவிட்டது. செடி வாங்கும்போது இலையில் ஒட்டி வந்த முட்டைதான். ரெண்டே மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பொட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது. கொளத்தூரில் ஒரு வளர்ப்பு மீன் கடையில் போய்ப் புலம்பினேன். "குட்டிப் பேத்தை ஒண்ணு விடுங்க சார், சுத்தமா தின்னுடும். மத்த மீனை ஒண்ணும் செய்யாது" என்றார் கடைக்காரர். பேத்தை என்றால் பயந்தால் பந்து போல உப்பும் மீன். நம்பி ஒன்றை வாங்கி விட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் நாலு கப்பிக்கு வால் இல்லை.

அப்புறம்தான் இந்த மீனைப் பற்றித் தேடிப் படித்தேன். சொந்த ஊர் கேரளம். மீன் ஆய்வாளர்கள் ஹோராவும் நாயரும் 1941-இல் பம்பை ஆற்று மீனை வைத்து இதை விவரித்தார்கள். அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது: கரினோடெட்ராடான் டிராவன்கோரிகஸ். நம் கடற்கரையில் வலையில் சிக்கும் பேத்தை கடல்மீன். இதுவோ முட்டையிலிருந்து சாகும்வரை நன்னீர்தான். எவ்வளவு வளர்ந்தாலும் மூன்றரை சென்டிமீட்டர்.

தனித் தொட்டிக்கு மாற்றி, ஒரு நத்தையைப் போட்டேன். உடனே பாயவில்லை. கிட்டே வந்து, வாலை ஒருபக்கம் மடித்துக்கொண்டு, அந்தரத்தில் அப்படியே நின்றது. ஒரு கண் நத்தை மேல், இன்னொரு கண் என் மேல். ரெண்டும் தனித்தனியாகச் சுழலும். நத்தை கொம்பை நீட்டித் தலையை வெளியே விட்டதுதான் தாமதம், ஒரே கொத்து. காலி ஓடு சுழன்று சுழன்று மணலில் இறங்கியது. டெட்ராடான் என்றால் நாலு பல். மேலே ரெண்டு, கீழே ரெண்டு தகடு சேர்ந்து கிளிமூக்கு மாதிரி இருக்கும். அந்தப் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் ஓடு கடித்துத் தேய்த்தாக வேண்டும்.

வயிற்றின் நடுவே கருங்கோடு, கண்ணுக்குப் பின்னால் சுருக்கம். ஆண் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"உப்பினா எப்படி இருக்கும்னு பார்க்கணும், சீண்டுப்பா" என்றாள் மகள். மாட்டேன் என்றுவிட்டேன். பயந்தால்தான் அது தண்ணீரை விழுங்கி வயிற்றை ஊதும். வெளியே எடுத்தால் காற்று உள்ளே போய் உயிருக்கே ஆபத்து.

இந்த மீன் இயற்கையில் அழியும் நிலையை நோக்கிப் போகிறது என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியலிட்டிருக்கிறது. தொட்டிக்காக ஆற்றிலிருந்து அள்ளுவதும் ஒரு காரணம். வாங்கும்போது இது தெரியாது. தெரிந்திருந்தால் நத்தையைக் கையாலேயே பொறுக்கியிருப்பேன்.

கப்பிகளுக்கு வால் திரும்ப முளைக்கிறது. பழைய தொட்டி நத்தையெல்லாம் தீர்ந்துபோய், இப்போது மொட்டைமாடியில் ரெண்டு வாளி வைத்து இவனுக்காக நத்தை வளர்க்கிறேன்.