இருபத்து மூன்று கேள்விக்குறிகள்

மதிப்பெண் பட்டியல் நேற்று வந்தது. கட்டுரைத் தாளில் 128. போன முறை 91. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதப்போகிறவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

கல்லூரியில் நான் பட்டிமன்றப் பேச்சாளன். கேடயங்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அந்த வாய்தான் என்னைக் கவிழ்த்தது. தோற்ற பிறகு, பழைய பயிற்சிக் கட்டுரை ஒன்றைச் சிவப்பு மையுடன் படித்தேன். 'இது நீதியா?', 'இதற்காகவா விடுதலை பெற்றோம்?' என்று 23 கேள்விகள். ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. மேடையில் கேள்வியை வீசிவிட்டு மூச்சு வாங்கினால் கைதட்டல் விழும். விடைத்தாள் திருத்துகிறவரின் கையில் பேனா அல்லவா இருக்கிறது! (பாருங்கள், பழக்கம் போகவில்லை.)

1930 மார்ச்சில், உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன், காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தை அவசியம் படியுங்கள். உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், நாளுக்கு 700; இந்தியரின் சராசரி வருமானம் நாளுக்கு இரண்டணாவுக்கும் (ரூபாய்க்குப் பதினாறு அணா) குறைவு; ஆக, ஐயாயிரம் மடங்குக்கு மேல் என்று கணக்குப் போடுகிறார். கோபம் முழுவதும் அந்த வகுத்தலில் இருக்கிறது. உங்கள் மனத்தைப் புண்படுத்த விருப்பமில்லை, இந்த ஏற்பாடுதான் ஒழிய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறார். பொது அறிவு நான்காம் தாளில் (அறவியல்), பிறரை இணங்கவைத்தல் பற்றிய கேள்விக்கு இதைத்தான் எழுதினேன்.

கூடவே எதிர் உதாரணம்: 1954 ஜனவரியில் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் நாளிதழ்களில் வெளியிட்ட கூட்டு அறிக்கை. மக்கள் நலம் எங்கள் பொறுப்பு, ஆய்வுக்கு உதவுவோம் என்று அடக்கமான நடை. அலங்காரம் கிடையாது. அந்த நிதானக் குரலாலேயே புற்றுநோய் ஆய்வுகள் மீது சந்தேகத்தை விதைத்தார்கள். எளிய நடை என்றாலே நேர்மை என்று அப்போது புதிதாக மதம் மாறியிருந்த எனக்கு இது உறைத்தது.

நான் கடைப்பிடித்தவை:

- கேள்வி எழுப்பினால் அடுத்த வரியில் பதில்.
- எதுகை தானாக வந்தால் இருக்கட்டும். தேடிப் பிடித்தது என்றால் அடித்துவிடுவேன்.
- அடைமொழிகளை நீக்கிப் படித்தால் மிஞ்சுவதுதான் வாதம். என் பழைய கட்டுரையில் ஏழு வரி மிஞ்சியது.

என் அறைத்தோழர் ஏற்கெனவே அரசாணை போல வறட்டு நடையில் எழுதுவார். அவருக்கு இந்த அறிவுரை விஷம்.

நேர்முகத் தேர்வில் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசிவிட்டு வந்தேன். வெளியே டீக்கடையில்தான் வாயைத் திறந்தேன்.