டைம் கீப்பர் பார்த்த 48.14

கத்தாரில் கட்டுமானக் கம்பெனிகளில் டைம் கீப்பர் என்று ஒரு வேலை உண்டு. கேட்பதற்குப் பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். காலையில் சைட் வாசலில் நின்று யார் வந்தார், யார் வரவில்லை, யார் எவ்வளவு ஓ.டி. பார்த்தார் என்று எழுதி, மாதக் கடைசியில் டைம் ஷீட்டாக அக்கவுண்ட்ஸுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில் கால் மணி நேரக் கணக்கு. ஐந்து நிமிடம் பிந்தி வந்தாலும் பதினைந்து நிமிடச் சம்பளம் போய்விடும். ஆட்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து பஸ் தாமதமாகக் கிளம்பியிருந்தாலும் அதே கணக்குதான். அதனால் என்னைக் கண்டதும் ஆட்களுக்கு அன்பு பொங்கும் என்று சொல்ல முடியாது.

2019 செப்டம்பர் கடைசியில் உலகத் தடகளப் போட்டிகள் தோஹாவில் தொடங்கின. தொண்டர்கள் எடுக்கிறார்கள் என்று அலுவலகத்து மலையாளி நண்பர் சொல்ல, நானும் பெயர் கொடுத்தேன். சம்பளம் கிடையாது. சட்டை, தொப்பி, சாப்பாடு உண்டு. ஓட்டப் போட்டி என்றால் டைம் எடுக்கிற வேலையாகப் பார்த்துக் கொடுப்பார்கள் என்று நண்பர்கள் கிண்டலடித்தார்கள். எனக்குக் கிடைத்ததோ கூடை தூக்கும் வேலை.

கூடை என்பது லேன், அதாவது ஆளுக்கொன்றாகக் கோடு போட்ட ஓடுபாதை, அதன் எண் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டி. ஓட வருகிறவர்கள் மேல்சட்டை, பேன்ட், சாதாரண ஷூ எல்லாவற்றையும் கால் ஊன்றிக் கிளம்பும் ஸ்டார்ட்டிங் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெட்டியில் போடுவார்கள். ஸ்டார்ட்டர் ஆயத்தமாவதற்குள் நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியேறி, ஓடி முடித்து வருகிறவர்கள் வாங்கிக்கொள்ளும் இடத்தில் வைக்க வேண்டும். பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, போன் எடுக்கக் கூடாது, யாரையும் முறைத்துப் பார்க்கக் கூடாது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் கடைசியாக ஒன்று சொன்னார்: "நீங்கள் அங்கே இருந்ததே டிவியில் யாருக்கும் ஞாபகம் இருக்கக் கூடாது."

பெண்கள் 400 மீட்டர்தான் எனக்கு அதிகம் வாய்த்தது. தகுதிச் சுற்று, அரையிறுதி, அக்டோபர் 3 இரவு இறுதிப் போட்டி. இந்தியாவிலிருந்து ஹிமா தாஸ் வருவார் என்று எதிர்பார்த்தோம், முதுகு வலியால் வரவில்லை. முந்தைய ஆண்டு ஃபின்லாந்தின் தம்பெரேயில் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டத்தை 51.46 விநாடியில் வென்றவர். ஆனால் இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் ஓடும் கலப்பு 4x400 தொடர் ஓட்டத்தில் இந்தியா இறுதிக்குப் போய் ஏழாவதாக வந்தது. ஓடிய நால்வரும் கேரளத்துக்காரர்கள். என் நண்பர் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

வெளியே காற்று ஈரத் துணியை முகத்தில் போட்டது போல இருக்கும். நள்ளிரவில் தொடங்கிய பெண்கள் மாரத்தானில் 68 பேர் ஓடி 28 பேர் பாதியில் நின்றார்கள். கோடையில் மதியம் சைட் வேலையைச் சட்டப்படியே நிறுத்தும் ஊர் இது. கலீஃபா ஸ்டேடியத்துக்கு உள்ளே மட்டும் ஏ.சி. போட்டுக் குளுகுளுவென்று வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் வெயிலில் கட்டுகிற ஊரில் திறந்தவெளிக்கே ஏ.சி. போட்டதைப் பார்த்தபோது எனக்கு எழுந்தது வெறும் வியப்பு என்று சொல்ல மாட்டேன். முதல் சில நாட்கள் கூட்டமும் இல்லை. பெண்கள் 100 மீட்டர் இறுதியைக் காலி நாற்காலிகள்தான் அதிகம் பார்த்தன.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் டிவியில் தெரியாத சில விஷயங்கள் தெரியும். ஒருவர் கழற்றிய சட்டையைக் கடையில் அடுக்குவது போல மடித்து வைப்பார். பக்கத்து லேன்காரர் அப்படியே சுருட்டி எறிவார். யார் யார் என்று சொல்வது நியாயமில்லை, சொல்லவும் மாட்டேன். ஒரு தகுதிச் சுற்றில் ஒருவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஷூவுக்குள் செருகினார். பிறகு அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். மறுபடி ஜிப்பைத் திறந்து கடிகாரம் இருக்கிறதா என்று பார்த்தார். உள்ளூர நடுங்குகிறவரின் கை அது. சம்பள நாளில் டைம் ஷீட்டில் கையெழுத்துப் போட வரும் புது ஆட்களிடம் அதே கையைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்ட்டிங் பிளாக்கில் அந்த வருடம் சின்ன கேமராக்களைப் பதித்திருந்தார்கள், ஓடுகிறவரின் முகத்தைக் கீழிருந்து எடுக்க. பிளாக்கைத் தாண்டி நிற்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று வைத்தவர் யாருக்கும் தோன்றவில்லை. ஜெர்மன் வீராங்கனைகள் புகார் செய்த பிறகுதான் படம் எப்போது காட்டலாம் என்று கட்டுப்பாடு வந்தது. பெட்டி தூக்குகிற எங்களுக்கே முறைத்துப் பார்க்காதே என்று பாடம் நடத்தியவர்கள், கேமராவுக்கும் ஒரு வகுப்பு எடுத்திருக்கலாம்.

400 மீட்டரில் நிற்கிற இடமே பார்க்கிறவரை ஏமாற்றும். வளைவின் நீளத்தைச் சரிக்கட்ட எட்டாவது லேன்காரர் முதல் லேன்காரரைவிட 53 மீட்டர் முன்னால் நிற்பார். முதலில் வந்த நாளில் வெளி லேன்காரர்தான் ஜெயிக்கிறார் என்று நண்பர் குதித்தார். கடைசி நேர்ப்பாதைக்கு வந்தால்தான் உண்மை தெரியும். துப்பாக்கிச் சத்தத்தைக்கூட ஒவ்வொரு பிளாக்குக்கும் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் வழியாகக் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் தள்ளி நிற்பவருக்குச் சத்தம் ஒரு நொடித்துளி தாமதமாகப் போகும். அந்த ஸ்பீக்கரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பஸ் தாமதத்துக்கு ஆளின் சம்பளத்தை வெட்டிய அந்தப் பழைய கம்பெனியில் இப்படி யோசித்தவர் ஒருவரும் இல்லை.

இறுதிப் போட்டி நள்ளிரவுக்குச் சற்று முன். விளக்கையெல்லாம் அணைத்து, தரையில் ஒளிப்படம் காட்டி, ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார்கள். பஹாமாஸின் ஷோனே மில்லர்-உய்போ ஜெயிப்பார் என்பதுதான் எல்லோருடைய பேச்சும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கோட்டின் மேல் விழுந்து 49.44-இல் தங்கம் வாங்கியவர். அமெரிக்காவின் அலிசன் ஃபெலிக்ஸ் 49.51-இல் இரண்டாவது. 2017 லண்டன் உலகப் போட்டியில் முன்னணியில் வந்துகொண்டிருந்த மில்லர்-உய்போ கடைசி சில மீட்டரில் தடுமாறி நான்காவதாகப் போனார். இந்த முறை கணக்குத் தீர்ப்பார் என்று நானும் நினைத்தேன்.

என் பெட்டி பதக்கம் வராத லேனுக்குரியது. அதைத் தூக்கி ஓரமாக வந்து நின்றபோது, எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் பஹ்ரைனின் சல்வா ஈத் நாசர் போன வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த ஓட்டத்தை முழுக்க முழு வேகத்தில் ஓட மனித உடம்பால் முடியாது. முதல் பாதியில் அதிகம் செலவழித்தால் கடைசி நூறு மீட்டரில் கால் கல்லாகிவிடும். நாலு நாள் முன்னால் கலப்புத் தொடர் ஓட்டத்திலும் ஓடி பஹ்ரைனுக்கு வெண்கலம் வாங்கித் தந்த கால் வேறு. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும், மில்லர்-உய்போவுக்கும் தெரிந்திருக்கும். நேர்ப்பாதைக்கு வந்ததும் இடைவெளி குறையத்தான் செய்தது, ஆனால் முழுதாக மூடவில்லை. நாசர் 48.14, மில்லர்-உய்போ 48.37, ஜமைக்காவின் ஷெரிக்கா ஜாக்சன் 49.47. பலகையைப் பார்த்து ஜெயித்தவரே தலையில் கை வைத்தார். அதைவிட வேகமாக அதுவரை ஓடியவர்கள் இரண்டே பேர்: 1985-இல் மாரிட்டா கோக் 47.60, 1983-இல் யார்மிலா க்ராட்டோக்விலோவா 47.99. கை தட்டக் கூடாது என்ற விதியை எங்கள் குழுவில் பாதிப் பேர் அங்கேயே மறந்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் என் வேலைக்கு நெருக்கமானது. 2020 ஜூனில் நாசரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். ஊக்கமருந்து எதுவும் பிடிபட்ட வழக்கு இல்லை. முன்னணி வீரர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்தைக் குறித்து, அந்த நேரத்தில் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பரிசோதகர் சொல்லாமல் வருவார். பதிவுத் தவறோ, ஆள் இல்லாததோ, பன்னிரண்டு மாதத்தில் மூன்று சேர்ந்தால் குற்றம். சுருக்கமாகச் சொன்னால் ஆஜர்ப் பட்டியல்.

சைட்டில் செய்தி வந்ததும், பெட்டி தூக்கின கதையைக் கேட்டிருந்த கும்பகோணத்துத் தம்பி வந்து, "என்ன அண்ணே, உங்க ஆளு ஆப்சென்ட்டாமே" என்றான். விசாரணையில் ஒரு வருகையின்போது பரிசோதகர் தவறான கதவைத் தட்டினார் என்ற வாதம் வந்தது. அக்டோபரில் முதல் தீர்ப்பு அவருக்குச் சாதகம். எனக்கு அது ஆச்சரியமே இல்லை. கேம்ப்பில் ஒரே எண் இரண்டு பிளாக்கில் இருக்கும், வேறு அறையைத் தட்டிவிட்டு ஆள் இல்லை என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் 2021-இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை மாற்றி இரண்டு ஆண்டு தடை விதித்தது. டோக்கியோ ஒலிம்பிக் போனது.

தடை சரி என்றுதான் நினைக்கிறேன். பதிவேட்டை நம்பித்தான் மற்ற ஏழு லேன்காரர்களும் ஓடுகிறார்கள். ஆனால் தோஹா பதக்கமே பொய் என்று இன்றும் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒத்துப்போகாது. முடிவுகள் ரத்தானது 2019 நவம்பர் 25 முதல். தோஹா ஓட்டம் அதற்கு முன். டைம் ஷீட்டில் எந்தத் தேதியிலிருந்து வெட்டு என்று எழுதியிருக்கிறதோ அந்தத் தேதியிலிருந்துதான் வெட்ட முடியும். மேனேஜருக்கு ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காகப் போன மாதத்துச் சம்பளத்தில் கை வைக்க நான் விட்டதில்லை. உறுத்தல் இல்லையா என்றால், இருக்கிறது. மில்லர்-உய்போ அந்த இரவு ஓடியதும் அதுவரை அவர் ஓடியதிலேயே மிகச் சிறந்த ஓட்டம்தான்.

நாசர் திரும்பி வந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 48.53-இல் வெள்ளி வாங்கினார். தங்கம் டொமினிக்கன் குடியரசின் மாரிலெய்டி பாலினோவுக்கு, 48.17. 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டி இறுதியை, சாயந்தரம் ஆட்கள் பஞ்ச் அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, தம்பியின் போனில் பார்த்தோம். மழையில் நனைந்த தடம். தடை தாண்டும் ஓட்டத்து ராணியான அமெரிக்காவின் சிட்னி மெக்லாஃப்ளின்-லெவ்ரோன் 47.78, பாலினோ 47.98, நாசர் 48.19. நாற்பது வருடத்தில் ஒருவரும் 48-க்குக் கீழே போகாத ஓட்டத்தில் ஒரே இரவில் இரண்டு பேர்.

"48.19 ஓடியும் மூணாவதா அண்ணே?" என்றான் தம்பி. உலகப் போட்டி வரலாற்றில் 1983-ம் 2019-ம் தவிர டோக்கியோவுக்கு முந்தைய எல்லா இறுதியிலும் அந்த நேரத்துக்குத் தங்கம் கிடைத்திருக்கும் என்றேன். தோஹாவின் 48.14-ஐயே அங்கே ஓடியிருந்தாலும் மூன்றாவதுதான். அதற்குள் பஞ்ச் மெஷின் முன்னால் வரிசை கூடிவிட்டது.