பெரியப்பா நடத்திய ஜன்னல் பூஜை

தில்லி மயூர் விகாரில் எங்கள் வீட்டுக்கு மேலே மொட்டை மாடிதான். மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் கூரை அனல் கக்கும். சமையலறையை இடித்துக் கட்டும் சாக்கில் இதற்கும் ஒரு வழி பண்ணலாம் என்று கான்ட்ராக்டரிடம் கேட்டேன். கூடத்துக்கு ஃபால்ஸ் சீலிங், அதில் வரிசையாக விளக்குகள், படுக்கையறைக்கு இரண்டு டன் ஏசி என்று எழுதிக் கொடுத்தார். கரண்ட் பில்லைக் குறைக்கத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தேன்.

நல்லவேளை, கும்பகோணத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்குச் சோறு இறங்காது. “முதலில் ஓட்டையை அடை அம்மா, அப்புறம் ஏசி வாங்கு” என்றார்.

மறுநாள் காலை கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, ஊதுபத்தியும் கையுமாகக் கிளம்பினார். ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள, வெளிக்காற்று இடுக்கு வழியே உள்ளே புகும். அங்கே புகை வளையும்.

கான்ட்ராக்டர் வந்தபோது பெரியப்பா மேற்கு ஜன்னலுக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். மூச்சுப் பட்டால் புகை கலையுமே என்று மூச்சையும் அடக்கியிருந்தார். கான்ட்ராக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். வாசனை பிடித்து வந்த எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மா, துப்பட்டாவால் முக்காடு போட்டுக்கொண்டு வாழைப்பழத்துடன் நின்றார். பெரியப்பாவுக்கு இந்தி வராது. ஆளுக்கொரு கல்கண்டு கொடுத்தார்.

ஏசி குழாய்த் துளை, பழைய கூலர் இருந்த ஜன்னலில் அடித்த பிளைவுட், வாசற்கதவின் அடி: மூன்றும் அகப்பட்டன. இடுக்கை அடைக்கும் சிலிக்கோன் பசையும் ரப்பர் பட்டையும் போதுமானதாக இருந்தன. மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு. மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டி. உள்ளே திரை போட்டால், கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலுக்குத்தான் மறைப்பாம். 75 வாட் ஃபேன்கள் போய், 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன்கள், அதாவது பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்தவை, வந்தன. அவற்றுக்கு ரிமோட் உண்டு. அது எந்தத் தலையணைக்கு அடியில் இருக்கிறது என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இரண்டு டன் பேச்சு அடங்கி, ஒன்றரை டன் ஏசி வந்தது.

பஞ்சாபி அம்மா விடவில்லை. தன் வீட்டு ஜன்னல்களுக்கும் இந்தப் பூஜை செய்ய வேண்டும், தட்சிணை எவ்வளவு என்று கேட்டார். பெரியப்பாவிடம் தமிழில் சொன்னேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “எக்ஸாஸ்ட் ஃபேன் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேள்” என்றார்.