ரெக்கார்ட் உடையுமான்னு திங்கட்கிழமை மேட்னிதான் சொல்லும்

மதுரைல ஒரு சினிமா விநியோக ஆபீஸ்ல பதினாலு வருஷமா வேலை பாக்குறேன். எம்ஆர் ஏரியான்னு சொல்வோம், மதுரை, திண்டுக்கல், தேனி, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் எல்லாம் அதுக்குள்ள வரும். பெரிய படம் ரிலீஸ் ஆகுதுன்னா சொந்தக்காரங்க, டீக்கடைல தெரிஞ்சவங்கன்னு எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், இது ரெக்கார்ட் உடைச்சிருமா?

முதல் நாள் ரெக்கார்ட் வேற, மொத்த வசூல் ரெக்கார்ட் வேற. முதல் நாளை உக்காந்த இடத்துலயே கணக்கு போட்டுரலாம், எத்தனை ஸ்கிரீன், ஸ்கிரீனுக்கு எத்தனை சீட், எத்தனை ஷோவுக்கு பெர்மிஷன், டிக்கெட் விலைக்கு கவர்மென்ட் உச்சவரம்பு வேற இருக்கு, அவ்ளோதான். பெரிய ஹீரோ படம் எப்படியும் ஹவுஸ்ஃபுல், அதுக்கு மேல ஒரு சீட் கூட விக்க முடியாது. 2023 பொங்கலுக்கு துணிவு ராத்திரி 1 மணிக்கும் வாரிசு விடிகாலை 4 மணிக்கும் ஓட ஆரம்பிச்சது, அதே வருஷம் அக்டோபர்ல லியோவுக்கு காலைல 9 மணிக்குத்தான் முதல் ஷோ. கூட்டம் அதேதான், ஆனா விடிகாலை ஷோ இல்லைன்னா அந்த ஷோ வசூலும் இல்ல.

மொத்த வசூல் அப்படி இல்ல. அது நான் ரெப்பா இருந்தப்ப கத்துக்கிட்டது. ரெப்புன்னா விநியோகஸ்தர் சார்பா தியேட்டர்ல போய் உக்காந்து, ஒவ்வொரு ஷோவுக்கும் எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும் டிக்கெட் கிழிச்சாங்கன்னு பாத்து டிசிஆர், அதாவது அன்னன்னிக்கு வசூல் கணக்கு, எழுதி, மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வர்ற வேலை. திண்டுக்கல்ல ஒரு தியேட்டர்ல கவுண்டர்ல இருந்த அண்ணே ஒருநாள் சொன்னாரு, "தம்பி, எத்தனை டிக்கெட் போச்சுன்னு எல்லாரும் பாப்பாங்க, நீ ஒரு கை எத்தனை டிக்கெட் கேக்குதுன்னு பாரு." அன்னிக்கு சாயங்காலம் முழுக்க அவர் பக்கத்துலயே நின்னு பாத்தேன். முதல் மூணு நாள் கம்பிக்குள்ள வர்ற கை எல்லாம் ஒண்ணு, ரெண்டுன்னுதான் கேக்கும், பசங்க. படம் பிடிச்சிருச்சுன்னா திங்கட்கிழமை மேட்னிக்கு அஞ்சு, ஏழுன்னு கேக்க ஆரம்பிக்கும், நடுவுல ஒரு அரை நிமிஷம் திரும்பி "சித்தி வருதா, பாப்பாவுக்கு டிக்கெட் வேணுமா"ன்னு கேட்டுட்டு மறுபடி கையை நீட்டுவாங்க. அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் நான் இன்னிக்கும் காத்துக்கிட்டு இருப்பேன்.

2022ல இதைப் பெருசா பாத்தேன். பாகுபலி 2 கையில அஞ்சு வருஷமா இருந்த தமிழ்நாட்டு ரெக்கார்டை ஜூன்ல வந்த விக்ரம் உடைச்சது, இனி இதை யாரு தொடப்போறான்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டோம், நாலே மாசத்துல பொன்னியின் செல்வன் அதையும் தாண்டிருச்சு. செப்டம்பர் 30 ரிலீஸ். பின்னாடியே பூஜை லீவு வந்ததால கூட்டம் லீவுக்கா படத்துக்கான்னு சொல்ல முடியல. அதனால லீவு முடிஞ்சு ஆபீஸெல்லாம் திறந்த வியாழக்கிழமை மேட்னிக்குப் போய் நின்னேன். பால்கனி படிக்கட்டுல ஒரு பாட்டி பேரன் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறிச்சு, மூச்சு வாங்க நின்ன இடத்துல சுவத்துல இருந்த ஸ்டில்லைப் பாத்து "இதுல வந்தியத்தேவன் யாருடா"ன்னு கேட்டுச்சு. தியேட்டர் பக்கமே வந்து எத்தனை வருஷம் ஆச்சோ அந்தப் பாட்டிக்கு. எந்த அட்வான்ஸ் புக்கிங்லயும் அவங்க தெரிய மாட்டாங்க, ரெக்கார்டை உடைக்கிறது அவங்கதான்.

தப்பா சொன்னதும் உண்டு. சில வருஷம் முன்னாடி ஒரு பண்டிகைப் படம், அட்வான்ஸ் புக்கிங்கைப் பாத்துட்டு மூணு வாரம் நிக்கும்னு அடிச்சு சொன்னேன். அதை நம்பி ஒரு சின்ன ஊர் தியேட்டர்காரர் வட்டிக்கு வாங்கி எம்ஜி கட்டுனாரு. எம்ஜின்னா படம் ஓடுனாலும் ஓடலைன்னாலும் இவ்ளோ தர்றேன்னு முன்னாடியே கட்டிடுறது, போனா தியேட்டர்காரரோட போச்சு. திங்கட்கிழமை மேட்னிக்கு 43 டிக்கெட். போன்ல அவர் கத்தக்கூட இல்ல, "தம்பி, நீங்க சொன்னீங்கன்னுதான் கட்டுனேன்"னாரு. கொஞ்சமாவது திருப்பிக் குடுக்கலாம்னு ஆபீஸ்ல எவ்வளவோ கேட்டேன், அடுத்த படத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாங்க, அடுத்த படத்துக்கு அவர் வரவே இல்ல. அந்தக் காசைக் குடுத்திருக்கணும், இப்பவும் அதைத்தான் சொல்வேன். அதுக்கப்புறம் புக்கிங் ஆப்பைப் பாத்து மூணாவது வாரத்தைப் பத்தி யாருக்கும் வாக்கு குடுக்குறதை விட்டுட்டேன்.

2024 பிப்ரவரி 22ல மஞ்சும்மல் பாய்ஸ் வந்தப்ப எங்க ஆபீஸ்ல யாரும் அதைக் கணக்குலயே எடுக்கல. மலையாளப் படம், தமிழ் டப்பிங் இல்ல, கிடைச்சது சில ஷோதான். கதை நடக்குற கொடைக்கானல் எங்க ஏரியாவுக்குள்ளயே இருக்கு, அப்பவும் எங்களுக்குத் தோணல. ரெண்டாவது வாரம் தியேட்டர்காரங்களே போன் போட்டு படம் வேணும் வேணும்னு கேக்க ஆரம்பிச்சாங்க. கடைசில தமிழ்நாட்டுல மட்டும் 50 கோடி தாண்டின முதல் மலையாளப் படம் ஆயிருச்சு. அந்த ரெண்டாவது திங்கட்கிழமை திண்டுக்கல்ல அதே கவுண்டர்ல நின்னேன். வத்தலகுண்டு பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மா, படத்தோட பேரு வாயில நுழையல போல, கம்பிக்குள்ள கையை விட்டு "அந்த குணா குகை படத்துக்கு ஆறு குடுங்க"ன்னாங்க. கவுண்டர் அண்ணே டிக்கெட்டைக் கிழிச்சுக்கிட்டே என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் அங்க நின்னபடியே ஆபீஸுக்குப் போன் போட்டேன்.