அறுவைத் தழும்புக்குக் குறைதிறன் லேசர் சிகிச்சை: என் அனுபவம்

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் மூட்டு வலி வெகுவாகக் குறைந்துவிட்டது. தொல்லை கொடுத்தது தழும்புதான். காலை மடக்கும்போதெல்லாம் அது தோலைப் பிடித்து இழுத்தது, இரவில் அரித்தது. தடிப்பு வெட்டிய கோட்டைத் தாண்டிப் பரவாததால் இது கீலாய்டு அல்ல, தடித்த தழும்புதான் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே பிசியோதெரபிஸ்ட் குறைதிறன் லேசரைத் தொடங்கினார்.

லேசர் என்றதும் தோலைச் சுடுவார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். தழும்பைத் துளைத்துச் சீராக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர் வேறு, இது வேறு. இதில் பெரும்பாலும் 600 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளியைத் திசுவைச் சூடாக்காத அளவில் செலுத்துகிறார்கள். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி அதை உறிஞ்சுவதால் ஆற்றல் உற்பத்தி தூண்டப்படுகிறது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1960களில் புடாபெஸ்டில் ஹங்கேரிய மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் எலிகள் மீது ரூபி லேசரைச் செலுத்தியபோது, மழித்த இடத்தில் முடி விரைந்து வளர்ந்ததைக் கண்டதிலிருந்துதான் இத்துறை கிளைத்தது.

ஒவ்வொரு முறையும் பிசியோதெரபிஸ்டும் நானும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தோம். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால், கூச்சம் தோன்றி இமை தானாக மூடிக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. எண்ணெய், களிம்பு எதுவும் இல்லாமல் துடைத்த தோலில் கருவியின் முனையைச் செங்குத்தாக அழுத்தி, தழும்பின் ஓரமாகப் புள்ளி புள்ளியாக நகர்த்தினார். எனக்கு முனையின் அழுத்தம் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பணம் கொடுத்து வந்த ஒருவருக்கு இது சற்று ஏமாற்றமாகவும் இருக்கும்!

அளவுக் கணக்கில் அவர் கறாராக இருந்தார். 100 மில்லிவாட் கருவியை ஒரே புள்ளியில் 40 விநாடி வைத்தால் 4 ஜூல் ஆற்றல் சேரும்; இன்னும் சற்று நேரம் வைக்கலாமே என்று கேட்டதற்கு, குறைந்த அளவு தூண்டும், மிகுந்த அளவு அதே செயலைத் தடுக்கவும் கூடும் என்று மறுத்துவிட்டார். முன்னதாக, புற்றுநோய் வரலாறு உண்டா, ஒளி பட்டால் தோல் எளிதில் பாதிக்கப்படும்படி செய்யும் மருந்து எடுக்கிறேனா என்றும் விசாரித்தார். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் கருவியை எடுப்பவரிடம் நான் போகமாட்டேன்.

முதலில் குறைந்தது அரிப்பு. பின்னர், விரலால் நகர்த்தினால் அடித்திசுவோடு ஒட்டிக்கொண்டு அசையாதிருந்த பகுதி மெல்ல நெகிழ்ந்தது; கால் மடங்குவது எளிதாயிற்று. நிறமோ மிக மெதுவாகவே மங்கியது, கோடு இன்னும் இருக்கிறது. இவை அனைத்தையும் லேசரின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. சிலிகோன் ஜெல் தாள், தழும்பை நீவிவிடுதல், வெயில் படாமல் மறைத்தல் ஆகியவை உடன் நடந்தன; தழும்பு முதிர்வதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், காலத்துக்கும் அதில் பங்குண்டு. ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. எனவே தழும்பு இழுத்துப் பிடிப்பவர்களுக்கு இதைத் துணைச் சிகிச்சையாகப் பரிந்துரைப்பேன். கோடே தெரியக்கூடாது என்று எதிர்பார்ப்பவர்கள் தோல் மருத்துவரிடம் மற்ற லேசர்களைப் பற்றிக் கேட்பது நல்லது.